டிராயரில் இருந்த இரண்டாவது சார்ட்

அத்தியாயம் 17

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஏழு பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். "அந்தப் பெரியவளை முதலில் வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று இரண்டு பேர். "பெற்ற அப்பாவுக்கு ஒரு பெண் இதுகூடச் செய்யக் கூடாதா?" என்று ஐந்து பேர். எனக்கு எதற்கு இந்தப் பொல்லாப்பு? நடந்ததைச் சொல்வதோடு என் வேலை முடிந்தது. தீர்ப்புச் சொல்கிற வேலையை நம் சின்னவள் கையில் எடுத்துக்கொண்டாள். இந்த வாரம் வீடு ரெண்டுபட்டதற்குக் காரணமே அதுதான்.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் டிரைவர். இருபத்தொன்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பெரிய மகள் கண் ஆஸ்பத்திரியில் பரிசோதகர். சின்ன மகள் கல்லூரியில் அறவியல் படிக்கிறாள். எது சரி, எது தப்பு, அதை எப்படி யோசித்து முடிவு செய்வது என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதுதான். அம்மா, கால் உடைந்து கிடக்கிற சித்தியைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒரு மாதம் ஆகிறது. இங்கே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை கண் டெஸ்ட். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா டெஸ்டுக்குப் போன அன்று இன்னொரு பரிசோதகர் லீவு. நீயே பார்த்துவிடு என்று மகள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரியவள் இந்தப் படிப்பு படித்த காலத்தில் சமையலறைச் சுவரில் கண் டெஸ்ட் எழுத்து சார்ட்டை ஒட்டி, இரண்டு வருடம் அப்பாவை உட்காரவைத்துத்தான் பழகினாள். மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை அவருக்கு அத்துப்படி. அன்றைக்கு இடது கண்ணை மூடச் சொன்னபோது, அவருடைய வலது கண் சார்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. வாய் மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னது.

மேஜை டிராயரில் வேறு எழுத்துகள் உள்ள இரண்டாவது சார்ட் இருந்தது. பெரியவள் டிராயரைத் திறக்கவில்லை. அப்பா சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு, "ஓட்டத் தகுதி உண்டு" என்று கையெழுத்துப் போட்டாள்.

போன வாரம் துணி மடிக்கும்போது இதைத் தங்கையிடம் சொல்லி அழுதாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அங்கேதான் விட்டேன்.

சின்னவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் எழுதினாள்.

அவளுடைய வகுப்புப் பேராசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. வாயைத் திறந்தால் "ஏன்?" என்ற கேள்விதான். அந்த வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. உண்மையாக நடந்த ஒரு சிக்கலை, பெயர் போடாமல், ஆள் அடையாளம் தெரியாமல் ஒரு பக்கத்துக்கு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மேடம் வாரம் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் பிரதி கொடுப்பார். பிறகு வகுப்பே அதைப் பிய்த்து உதறும்.

அடையாளத்தை மறைக்க மேடம் ஒரு விதி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு விவரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகும் உன் தீர்ப்பு அதேதான் என்றால் அந்த விவரம் முக்கியமில்லை, தாராளமாக மாற்றிக்கொள். தீர்ப்பு மாறுகிறதா, அதைத் தொடாதே. தொட்டால் கேள்வியே வேறாகிவிடும்.

நம்மவள் படிப்பில் சுட்டி. விதியை ஒரு இம்மி பிசகாமல் பின்பற்றினாள். பரிசோதகரைப் பெண்ணிலிருந்து ஆணாக்கினாள், தீர்ப்பு மாறவில்லை. வயதை மாற்றினாள், மாறவில்லை. பஸ்ஸை லாரியாக்கிப் பார்த்தாள். லாரியில் நாற்பது பேர் ஏற மாட்டார்கள், அதனால் பஸ்ஸே இருக்கட்டும் என்று விட்டாள். அப்பாவை எதிர்வீட்டுக்காரர் ஆக்கினால் கேள்வியின் உயிரே போய்விட்டது, ஆக அப்பாவும் அப்படியே. மனப்பாடத்தை எடுத்துவிட்டால் அது வெறும் பொய் சர்டிஃபிகேட், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதனால் வீட்டுச் சுவரில் ஒட்டிய சார்ட், மனப்பாடம், திறக்காத டிராயர் எல்லாம் பேப்பரில் பத்திரமாக உட்கார்ந்தன. பஸ்ஸின் நிறத்தை மறக்காமல் மாற்றினாள்.

ரொம்ப நேர்த்தியாக வந்திருக்கிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட. இதைப் படித்ததும் எனக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

இன்று காலை பெட்டியிலிருந்து வந்தது அவளுடைய பேப்பர்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். முதல் பத்து நிமிடம் பேச்சு அனல் பறந்தது. அவன் பொய் எழுதவில்லை, காதில் விழுந்ததை எழுதினான் என்று ஒரு பெண் சாதித்தாள். டிராயரைத் திறக்காமல் விட்டதே ஒரு பொய்தான், வாயால் சொன்னால்தான் பொய்யா என்று இன்னொருவன் எகிறினான். எங்க அப்பாவாக இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன் என்றாள் முன் வரிசைக்காரி. அப்படியென்றால் அந்த பஸ்ஸில் உன் தம்பி போவானா என்று மேடம் கேட்டார்.

சின்னவள் நோட்டில் கிறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு அழுகையை யார் யாரோ ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பத்தில் அது சுவாரசியமாகத்தான் இருந்தது. போகப் போகக் கிறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

மேடம் கை தூக்கச் சொன்னார். பரிசோதகர் செய்தது தப்பு என்று ஆறு பேர். தப்பில்லை என்று நான்கு பேர். தூக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று நம் சின்னவள். இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்காருகிற, நாற்பத்தைந்து வயதுக்காரர். இந்தப் பருவத்தில்தான் சேர்ந்தார். முதல் நாள் தன்னை டைம் கீப்பர் என்று சொல்லிக்கொண்டார். ஏதோ ஃபேக்டரியில் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். இதுவரை அவர் வகுப்பில் வாய் திறந்ததே கிடையாது.

"நீங்க ஏன் தூக்கல?" என்றார் மேடம்.

அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிற பழக்கமெல்லாம் அந்த வகுப்பில் கிடையாது. "இதுல ரெண்டு பேரைத்தான் எழுதியிருக்காங்க மேடம், டெஸ்ட் பண்ணினவரையும் டிரைவரையும். ஆனா இதை எழுதினவங்களுக்கும் விஷயம் தெரியும் இல்லையா? அந்த பஸ் இன்னைக்கும் ஓடிட்டிருக்கு. அவங்க ஏன் இந்தப் பேப்பர்ல இல்ல?"

எழுதினவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லத் தேவையில்லை, அது இந்த வகுப்பின் ஒப்பந்தம் என்று மேடம் சொன்னார். பிறகு, "ஆனா கேள்வி சரியான கேள்வி" என்றார். சின்னவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. எந்தெந்த விவரத்தை மாற்றலாம் என்று அத்தனை யோசித்தவள், தன்னை ஒரு விவரமாகக்கூட எண்ணவில்லை.

மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். மாடிப்படி திருப்பத்தில் டைம் கீப்பர் நின்றிருந்தார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. டிப்போ ஓய்வறையில எங்க டிரைவர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு. யாராவது கண் டெஸ்டுக்குப் போறேன்னா போதும், மொத்த சார்ட்டையும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒப்பிப்பாரு. பெரிய பொண்ணு வீட்டுல ஒட்டி வெச்சுப் படிச்சதுன்னு பெருமையாச் சொல்லுவாரு. எங்களுக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு." அவர் அவளை நேராகப் பார்த்தார். "சின்ன பொண்ணு இந்தக் காலேஜ்லதான் படிக்குதுன்னும் சொல்லியிருக்காரு. என்னைத் தவிர கை தூக்காதது நீ மட்டும்தான்."

சின்னவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் மிரட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுநாளைக்கான டியூட்டி லிஸ்ட் போடுவது தன் வேலை என்றார். நாளைக் காலை முதல் ட்ரிப்பில் அண்ணன் பேர் வர வேண்டும். நேற்று வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன், இன்றைக்கு எப்படி எழுதுவது என்று அவளிடமே கேட்டார்.

"நீ ஒரு பேப்பர் எழுதிட்டே. எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இப்ப நானும் அதுக்குள்ள வந்துட்டேன், இல்லையா? ஆறு மணி வரைக்கும் பாக்குறேன்மா. அண்ணனே பேசினா நல்லது."

அவர் படி இறங்கிப் போய்விட்டார். சின்னவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகவா, அக்காவிடம் போகவா என்று தெரியவில்லை. கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள்.

பெரியவளுக்கு மதிய இடைவேளை. பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு, நோயாளி உட்காரும் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் சார்ட் மட்டும் வெளிச்சமாக இருந்தது. தங்கை வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சின்னவள் மீதியை ஒரே மூச்சில் சொன்னாள்.

பெரியவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. டீயைக் கீழே வைத்தாள். அடையாளமே தெரியாத மாதிரி எழுதினேன் என்று சின்னவள் விதியை விளக்க ஆரம்பித்தபோது, கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கை தூக்கச் சொன்னாங்களா?"

"ம்."

"எத்தனை பேர் என் பக்கம்?"

"நாலு பேர்."

"எத்தனை பேர்ல?"

"பன்னிரண்டு."

பெரியவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான்கு பேராவது இருக்கிறார்களே என்று ஆறுதல் பட்டாளா, நான்கு பேர்தானா என்று நொந்தாளா, சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீ எந்தப் பக்கம்டி தூக்கினே?"

"நான் தூக்கல அக்கா."

"அதானே பாத்தேன்." இப்போதுதான் குரல் உடைந்தது. "உன்னை நம்பி அழுதேன். நீ அதைப் பரீட்சைக் கேள்வி ஆக்கிட்டே. ஒண்ணு அப்பாகிட்ட போய்ச் சொல்லியிருக்கணும், இல்ல என்னை நாலு அறை அறைஞ்சு 'போய் டெஸ்டைத் திரும்பப் பண்ணு'ன்னு சொல்லியிருக்கணும். ரெண்டும் பண்ணல. பன்னிரண்டு பேரை விட்டு யோசிக்கச் சொன்னே."

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடச் சின்னவளால் மறுக்க முடியவில்லை. ஒரு விஷயத்தைப் பத்துக் கோணத்தில் பார்க்கத் தெரிந்தவளுக்கு, வீட்டுக்குள் பக்கத்து அறைக்குப் போய் அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்லத் துணிச்சல் இல்லாமல் போனதை நினைத்து அவமானமாக இருந்தது.

விஷயம் வெளியே வந்தால் பெரியவளின் வேலை போகும், பரிசோதகர் பதிவும் போகும். ஒன்பது வருட உழைப்பு. சொல்லாவிட்டால் நாளைக் காலை நாற்பது பேர் அந்த வண்டியில் ஏறுவார்கள். இரண்டு பேருக்கும் இது தெரியும். அப்புறம் பெரியவள் எழுந்து பாதி நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்பா ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், இரண்டு மகள்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார்.

"என்ன, ரெண்டும் ஒத்துமையா இருக்கு? வீட்டுல எது உடைஞ்சுது?"

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. சின்னவள்தான் சொன்னாள். அக்கா அழுததிலிருந்து, பேப்பர், வகுப்பு, டைம் கீப்பர், ஆறு மணி வரை எதையும் விடாமல் சொன்னாள். நடுவில் தன்மேல் தப்பு என்று மூன்று தடவை சொன்னாள். அப்பா முகத்துத் தண்ணீரைத் துடைக்காமலே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

முடித்ததும் அவர் கோபப்படுவார், பெரியவளைத் திட்டுவார், தன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று சாதிப்பார் என்றெல்லாம் சின்னவள் தயாராக இருந்தாள். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"என்னைப் பத்தி என்னம்மா எழுதினே?"

"டிரைவர் மனப்பாடமா ஒப்பிச்சார்னு எழுதினேன்பா."

"ஏமாத்தினேன்னா?"

அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏமாத்தணும்னு நினைக்கலம்மா. பாதி வரியில எனக்கே குழப்பம் வந்துருச்சு, கண்ணால பாத்துச் சொல்றேனா, ஞாபகத்துல சொல்றேனான்னு. எழுத்தெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியுமே, பாக்குற மாதிரியேதான் இருந்துச்சு. சரி, டெஸ்ட் பண்றது நம்ம பொண்ணு, தப்பா இருந்தா அவ சொல்லிடுவான்னு விட்டுட்டேன்."

பெரியவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன? அப்பா ஆசைப்பட்டார், நான் விட்டுக்கொடுத்தேன் என்பதுதானே? அவர் கேட்டது சலுகை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நல்ல டெஸ்ட் ஒன்றைத்தான் கேட்டு வந்திருக்கிறார்.

"அப்ப உங்களுக்குத் தெரியவே தெரியாதாப்பா?" என்றாள் சின்னவள். அவர் இல்லை என்று சொன்னால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது.

அப்பா துண்டை மடித்தார், பிரித்தார். "அன்னைக்குத் தெரியாது. மறுநாள் தெரிஞ்சுபோச்சு. எட்டு மணி ட்ரிப்புல நம்ம ஸ்டாப்புல பெரியவ எப்பவும் நிப்பா. அஞ்சு வருஷமா என் வண்டியிலதான் வேலைக்குப் போறா. டெஸ்ட் முடிஞ்ச மறுநாள் அவ நிக்கல. அதுக்கு மறுநாளும் நிக்கல. அடுத்த தெருவுக்கு நடந்துபோய் வேற பஸ் புடிக்கிறான்னு கண்டக்டர் சொன்னான்." அவர் பெரியவளைப் பார்த்தார். "எனக்கு அதுலதாம்மா ரிசல்ட் வந்துச்சு."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா தலையை அசைத்தார்.

"உன்னைக் குத்திக்காட்டலம்மா. நீ ஏறலன்னு தெரிஞ்சும் நான் மூணு வாரம் ஓட்டினேன். ஊர்ல இருக்கறவன் பொண்ணையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனேன். நாளைக்கு விட்டுடலாம், நாளைக்கு விட்டுடலாம்னு. சின்னவளே, அதையும் உன் பேப்பர்ல எழுதிக்கோ. டிரைவருக்கும் தெரியும்னு எழுது."

மூன்று பேரில் ஒருத்தர்கூட சுத்தமில்லை. சின்னவள் படித்த புத்தகங்களில் எல்லாம் ஒருத்தர் தப்புச் செய்வார், இன்னொருத்தர் கேள்வி கேட்பார். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் தெரிந்து, மூன்று பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் வைத்த பிரியத்தால் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரிடம் ஆரம்பிப்பது? அவளுக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது.

"நாளைக்கு என் வண்டியில ஏறுவியாம்மா?" என்று அப்பா பெரியவளைக் கேட்டார்.

பெரியவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள். "மாட்டேன்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மணி ஐந்து ஐம்பது. எழுந்து, மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், கொஞ்சம் ஓரமாகத் திருப்பிப் பார்த்து எண்ணைத் தேடினார். சின்னவள் உதவிக்குப் போனாள். வேண்டாம் என்றார். அவராகவே அழுத்தி, எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நாளைக்கு என் பேரைப் போடாதீங்க. நாளைக்கு மட்டும் இல்ல, இனிமேலும் வேண்டாம்."

அந்தப் பக்கம் டைம் கீப்பர் பெருமூச்சு விடுவது கூடத்துக்கே கேட்டது. "சரிங்க அண்ணே. நான் எடுத்துடறேன்." பேனா மேஜையில் தட்டுகிற சத்தம். "லிஸ்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குண்ணே. காலியா விட முடியாது. காய்ச்சல்னு எழுதினா மூணு நாள்ல திரும்பக் கூப்பிடுவாங்க. கண்ணுன்னு எழுதினா அந்த சர்டிஃபிகேட்டை எடுத்து, கையெழுத்து யாருதுன்னு பாப்பாங்க. நான் என்னண்ணே எழுதட்டும்?"

அப்பா போனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

பெரியவள் எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள். "குடுங்கப்பா. கண்ணுன்னு நானே சொல்றேன். என் கையெழுத்துதான்னும் சொல்றேன்."

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

பெரியவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அப்பா போனைக் கொடுக்கவில்லை.